இருக்கிற காசு போதும், மக்கா!

செம்மண் சரிவில் கல்லையும் வேரையும் தாண்டிச் சைக்கிளில் இறங்க வேண்டும் என்ற ஆசை உனக்குள் புகுந்துவிட்டது. கையில் இருப்பது முப்பதாயிரம். அண்ணனிடம் கேட்டால் நாற்பதாயிரம் தேறும். செல்போனில் நீ பார்க்கிற வீடியோக்களில் பறக்கும் சைக்கிள்களின் விலையோ நாலு லட்சம், ஆறு லட்சம். பார்த்த மாத்திரத்தில் மனசு தீர்ப்பு எழுதிவிடுகிறது: இது நமக்கு ஆகாது.

யார் சொன்னது ஆகாது என்று? நிமிர்ந்து உட்கார், மக்கா. இந்த விளையாட்டை உண்டாக்கியவர்கள் கையில் மலைக்கென்று செய்த சைக்கிளே இருந்ததில்லை.

1976 அக்டோபர் 21. அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு மலைப்பாதை. மூன்றரைக் கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 400 மீட்டர் இறக்கம். அதில் முதல் பந்தயம் ஓட வந்த இளைஞர்கள் உருட்டிக்கொண்டு வந்தவை 1930-களிலும் 40-களிலும் செய்த தடித்த டயர் சைக்கிள்கள். மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிப் போட்டவை. ஃபோர்க்கில் ஸ்பிரிங் கிடையாது. பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் பின்சக்கர பிரேக்தான். ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் ஹப் கொதித்து, உள்ளே இருக்கிற கிரீஸ் புகையாகப் போய்விடும். கழற்றிப் புதுக் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அந்தப் பாதைக்கு ரீபேக், அதாவது ‘மறுபடி அடைப்பது’, என்று பெயர் விழுந்ததே அதனால்தான். பந்தயத்தை நடத்தியவர் சார்லி கெல்லி. அங்கே நடந்த பந்தயங்களில் ஓடியவர்களில் கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் போன்றவர்கள் உண்டு. அடுத்த வருஷமே ஜோ பிரீஸ் குழாய்களைத் தன் கையால் வெட்டிப் பற்றவைத்து, மலைக்கென்றே ஒரு சைக்கிள் செய்தார். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் ஸ்டம்ப்ஜம்பர் என்ற மலைச் சைக்கிள் கடைகளுக்கு வந்தது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் ஓட்டம் பதக்கப் போட்டியானது. ஒதுக்கிப் போட்ட சைக்கிளிலிருந்து ஒலிம்பிக் பதக்கத்துக்கு இருபதே வருஷம்!

அந்த மரின் கவுண்டியின் பெரிய மலை தமால்பயஸ். உயரம் 784 மீட்டர். நம் குமரி மாவட்டத்து எல்லையில் நிற்கிற மகேந்திரகிரி 1,645 மீட்டர். மலை நம்முடையது பெரிது. மழை நமக்கு இரண்டு பருவம். கால் வலு, நாஞ்சில் நாட்டு வயலிலும் விளையிலும் ஏறி இறங்கி வளர்ந்தது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு விலைச்சீட்டைப் பார்த்துத் தலை குனிவதா?

ஆனால் காசை எடுத்துக்கொண்டு இன்றைக்கே கடைக்கு ஓடாதே. கடைக்காரர் பேசப்போவது சைக்கிளைப் பற்றி. நீ பேச வேண்டியது நீ ஓட்டப்போகும் பாதையைப் பற்றி. அந்தப் பேச்சில் உன்னை யாரும் மடக்க முடியாது. அந்தப் பாதை அவரைவிட உனக்குத்தான் தெரியும்.

தெரியுமா? நாலு பக்கமும் சுற்றிப் பார். மேற்கே திருவட்டாறு, குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் முழுக்க ரப்பர். சரிவைத் தட்டுத்தட்டாக வெட்டி மரம் நட்டிருப்பார்கள். தட்டுக்குத் தட்டு இறங்குகிற பாதைகள் செம்மண். காய்ந்தால் கல்லாய் இறுகும், நாலு தூறல் விழுந்தால் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். வருஷத் தொடக்கத்தில் ரப்பர் இலை உதிர்ந்து சருகு கனமாக மூடிக்கிடக்கும். அடியில் வேர் எங்கே, உருளங்கல் எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. கிழக்கே தோவாளை, ஆரல்வாய்மொழி தாண்டினால் வேறொரு உலகம். கணவாய்க் காற்று ஆளைத் தள்ளும். பொத்தைகளின் அடிவாரத்தில் சரளையும் முள்ளும். இரண்டுக்கும் நடுவே தோவாளைச் சானல், அனந்தனார் சானல், பட்டணங்கால் என்று கரையோர மண்பாதைகள் கிலோமீட்டர் கணக்கில் கிடக்கின்றன. பழகுவதற்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. தெற்கே போனால் கடற்காற்றின் உப்பு. சங்கிலியையும் ஸ்போக்கையும் அரிக்கிற எதிரி அது.

உன் ஊர் இதில் எந்தப் பக்கம்? வாரத்தில் பாதி நாள் எந்த மண்ணில் ஓட்டுவாய்? இதை ஒரு தாளில் எழுதிவிட்டுக் கடைப்படி ஏறு. அந்தத் தாள்தான் உன் பலம்.

இப்போது பணத்துக்கு வருவோம். கையில் நாற்பதாயிரம் இருந்தால் நாற்பதாயிரத்துக்கும் சைக்கிள் வாங்காதே! முப்பதாயிரத்தோடு நிறுத்து. ஹெல்மெட், முழங்கால் கவசம், கையுறை முதலில். நல்ல டயர் இரண்டு, கை பம்ப், சில ஸ்பானர்கள் அடுத்து. மிச்சத்தை அப்படியே வை, முதல் ஆறு மாதத்தில் ஏதாவது உடையும். சைக்கிளில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் தலைக்கு ஒன்றும் இல்லாமல் சரிவில் இறங்குகிறவனைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. உன் மண்டை உன் அம்மாவின் சொத்து. அதை அடகு வைக்க உனக்கு உரிமை இல்லை.

கடைக்குள் நுழைந்ததும் உன் கண்ணை முதலில் இழுப்பது பின்பக்கமும் ஸ்பிரிங் வைத்த இரட்டை சஸ்பென்ஷன் சைக்கிளாக இருக்கும். பதினைந்தாயிரத்துக்குக்கூடக் கிடைக்கும். திரும்பிப் பார்க்காமல் தாண்டிப் போ. ஓட்டத்துக்குத் தகுந்த பின் சஸ்பென்ஷன் வேண்டுமானால் ஒன்றரை லட்சத்துக்கும் மேலே போக வேண்டும். அதில் ஸ்பிரிங் அமுங்குவதையும் எழும்புவதையும் எண்ணெய் அடக்கி ஆளும். மலிவு வண்டியில் வெறும் ஸ்பிரிங்தான் உண்டு, அடக்க ஆள் இல்லை. ஏற்றத்தில் உன் மிதியில் பாதியை அது தின்னும். இறக்கத்தில் உன்னைத் தூக்கி எறியும். இணைப்புகளில் சீக்கிரமே ஆட்டம் கண்டுவிடும். எடையோ தோளில் தூக்கித் தட்டு ஏற முடியாத அளவு. அந்தப் பணத்தைப் பின்பக்கம் ஸ்பிரிங் இல்லாத, முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயிலில் போடு. அது உன் தவறு ஒவ்வொன்றையும் காலுக்கு உடனே சொல்லிக் கொடுக்கும். நல்ல ஓட்டக்காரர்களை உருவாக்குவது ஹார்ட்டெயில்தான்.

அடுத்து ஒரு கேள்வி. பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை. நீ கேள்: ‘பின்னால் இருப்பது கேசட்டா, ஃப்ரீவீலா?’

இந்த ஒரு கேள்வியில் கடைக்காரர் உன்னை வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்குவார். ஃப்ரீவீல் என்பது பல்சக்கரக் கூட்டம் முழுவதும் ஹப்பின் மேல் மரை போட்டுத் திருகியது. அதில் வலப்பக்கத்துத் தாங்கி, பல்சக்கரங்களுக்கு உட்புறம் வெகுதூரம் தள்ளி உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து சட்டகம் வரை அச்சுக்கு ஆதாரமே இல்லை. நீ ஒரு தட்டிலிருந்து சாடி இறங்கும்போது உன் எடை முழுவதும் அந்த ஆதாரமில்லாத நீளத்தில் விழும். அச்சு வளையும், ஒருநாள் முறியும். கேசட் ஹப்பில் தாங்கி வெளி ஓரத்துக்கு அருகில் இருப்பதால் அச்சு தாங்கிக்கொள்ளும். எட்டு பல்சக்கரம், ஒன்பது பல்சக்கரம் என்று எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதே, ஒன்பது பல்சக்கரத்திலும் ஃப்ரீவீல் உண்டு. சோதிக்க வழி இருக்கிறது. பின்சக்கரத்தைக் கழற்றித் தரச் சொல். பல்சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்று. அச்சை ஒட்டி, ஸ்பானர் மாட்டும் பள்ளங்கள் உள்ள நடுவளையம் பல்லோடு சேர்ந்து சுற்றினால் கேசட். அது அசையாமல் நின்று பல் மட்டும் சுற்றினால் ஃப்ரீவீல். சாடி ஓட்டப்போகிற உனக்கு ஃப்ரீவீல் வேண்டாம். முடிந்தது வழக்கு.

பிரேக்கில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். நம் மண்ணுக்கு ஹைட்ராலிக் டிஸ்க். கம்பி இழுத்துப் பிடிக்கும் டிஸ்க், காய்ந்த சானல்கரைக்குச் சரி. ஆடி மாசச் சாரலில், செம்மண் சேறு கேபிளுக்குள் புகுந்தபின், அதே லிவரை நாலு விரலால் நெரிக்க வேண்டியிருக்கும். நாலு விரலும் பிரேக்கில் போனால் ஹேண்டிலை எதனால் பிடிப்பாய்? ஹைட்ராலிக்கில் ஒரே விரல் போதும். மற்ற மூன்றும் உன் உயிரைப் பிடித்திருக்கும். ஷிமானோ எம்டி200, டெக்ட்ரோவின் அடிப்படை ஹைட்ராலிக் பிரேக்குகள் எல்லாம் இந்த விலை வண்டிகளிலேயே வருகின்றன. நம்பி வாங்கலாம். முன்சக்கர டிஸ்க் 160 மில்லிமீட்டர் என்றால், பிறகு 180 போட ஃபோர்க் இடம் கொடுக்குமா என்று கேட்டு வை. இன்னொன்று: மலிவு டிஸ்க்குகளில் ‘ரெசின் பேட் மட்டும்’ என்று பொறித்திருக்கும். சேற்றில் சீக்கிரம் தேய்கிறதே என்று அதில் உலோக பேடைக் கொண்டு போடாதே, டிஸ்க் போய்விடும். பேட் தேய்மானத்தைக் குனிந்து பார்க்கிற பழக்கத்தை மழைக்காலம் முழுக்க வைத்துக்கொள்.

ஃபோர்க்கைப் பற்றிப் பேசும்போது விற்பவர் ஹேண்டிலில் இருக்கும் லாக்அவுட் பித்தானை அழுத்திக் காட்டுவார். பார், பூட்டுகிறது, திறக்கிறது! பூட்டட்டும். உனக்கு வேண்டியது இறக்கத்தில் நடப்பது. ஹேண்டிலில் முழு எடையைப் போட்டு அமுக்கிக் கையைச் சட்டென்று எடு. ஃபோர்க் துள்ளி மேலே அடித்தால், கல்லில் இறங்கும்போது உன் முன்சக்கரமும் அப்படித்தான் துள்ளும். எழும்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்ட் திருகு இருந்தால் நல்லது. மேல் குழாய்களின் தடிமனைக் கேள். 28 மில்லிமீட்டர் நகரத்துக்கு, 30 சகித்துக்கொள்ளலாம், 32 என்றால் கண்ணை மூடி எடு. காற்று ஃபோர்க் உன் வரவு செலவுக்குள் சிக்கினால் விடாதே. ஐம்பத்தைந்து கிலோ ஆளுக்கும் எண்பது கிலோ ஆளுக்கும் ஒரே ஸ்பிரிங் எப்படிப் பொருந்தும்? காற்றை உன் எடைக்கு ஏற்ற முடியும். நீ ஏறி நின்றவுடன் மொத்த அசைவில் ஐந்தில் ஒரு பங்கோ நாலில் ஒரு பங்கோ அமுங்கினால் சரியாக இருக்கிறது என்று பொருள்.

இன்றைக்கு நல்ல ஃபோர்க் கட்டுப்படியாகவில்லையா? மனம் தளராதே. சட்டகத்தை மட்டும் நாளைக்கும் சேர்த்து வாங்கு. முன்குழாய் கீழ்ப்பக்கம் அகலமாக இருக்கிறதா பார். மேலே சிறுத்துக் கீழே ஒன்றரை அங்குலத்துக்குப் பெருக்கிற டேப்பர்டு முன்குழாய் இருந்தால், இரண்டு வருஷம் கழித்து உன் சம்பளத்தில் ஒரு நல்ல ஃபோர்க் வந்து அதில் உட்காரும். நேர்க்குழாய் என்றால் அந்தக் கதவு ஏறக்குறைய மூடியது.

அளவு பொருந்தாத சைக்கிளை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் தொடாதே. கடையில் உள்ள கடைசி வண்டி பெரிய அளவு என்றால், அடுத்த மாதம் வந்து வாங்கு. ஹேண்டில் அகலமாக இருக்கட்டும், அதைத் தாங்கும் ஸ்டெம் குட்டையாக இருக்கட்டும். முன்ஃபோர்க் நேராக நிற்காமல் முன்னே சாய்ந்து நிற்க வேண்டும். சாய்வு கோணம் 70, 71 டிகிரி என்றால் அது ஏற்றத்துக்கும் சமவெளிக்கும் செய்தது. 67-க்குப் பக்கம் வந்தால் சரிவில் நீ ஹேண்டிலைத் தாண்டிக் கவிழாமல் காப்பாற்றும். பித்தானை அழுத்தினால் இருக்கை இறங்குகிற டிராப்பர் போஸ்ட் உன் விலையில் வராது. வராவிட்டால் என்ன? சில நூறு ரூபாய்க்கு ஒரு லிவர் வைத்த கிளாம்ப் மாட்டு. மேட்டின் உச்சியில் நின்று, இருக்கையை இறக்கிவிட்டு, இறங்கு. மரின் கவுண்டிக்காரர்கள் என்ன பித்தானா அழுத்தினார்கள்?

21 கியர், 24 கியர் என்கிற எண்ணிக்கையில் மயங்காதே. முன்னால் ஒரே பல்சக்கரம், சங்கிலி கழலாமல் இறுக்கிப் பிடிக்கும் கிளட்ச் வைத்த பின் டெரெயிலர், இவை கிடைத்தால் எடு. கிடைக்காவிட்டால் முன்னால் மூன்று பல்சக்கரம் இருப்பதும் குற்றமில்லை, அவற்றில் சின்னது செங்குத்து ஏற்றத்தில் உனக்குத் துணை.

டயரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. வண்டியோடு வருகிற டயர் பெரும்பாலும் தார்ச்சாலைக்குச் செய்தது. மேற்குப் பக்கத்துச் செம்மண்ணுக்குக் கட்டைகள் உயரமாகவும் இடைவெளிவிட்டும் இருக்கிற டயர் வேண்டும், இடைவெளி இருந்தால்தான் சேறு உதிரும். 2.25 அங்குலத்துக்குக் குறையாமல் போடு. கிழக்குப் பக்கத்து முள்ளுக்குப் பக்கச்சுவர் தடித்த டயரும், முடிந்தால் டியூப் இல்லாமல் உள்ளே பசைத்திரவம் ஊற்றும் முறையும். காற்று நிரப்பும் கடையில் போய் நின்றால் கல்லாக அடைத்துத் தருவார்கள். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் பெரிய எண் அதிகபட்ச எல்லை, நீ ஓட்ட வேண்டிய அளவு அதுவல்ல. அறுபது கிலோ ஆளுக்கு, டியூப் போட்ட டயரில், முன்னால் 28, பின்னால் 30 பிஎஸ்ஐ என்று தொடங்கு. டியூப் கல்லில் மோதி இரட்டைத் துளை விழுந்தால் இரண்டு ஏற்று, வழுக்கினால் ஒன்று இறக்கு. சின்ன மீட்டர் வைத்த ஒரு பம்ப், உன் வண்டியின் குணத்தையே மாற்றிப்போடும்.

பணம் கொடுக்குமுன் கையேட்டைக் கேட்டு வாங்கிப் பார். பல கம்பெனிகள் வண்டியின் பயன்பாட்டை எண் போட்டு வகுத்திருக்கும். 2 என்றால் 15 சென்டிமீட்டருக்கு மேல் சாட அது செய்யப்படவில்லை. 3 என்றால் 61 சென்டிமீட்டர். 4 என்றால் 122. ரப்பர் தட்டு ஒன்றின் உயரத்தை நீயே அளந்து பார்த்து, எந்த எண் வேண்டும் என்று முடிவு செய். விற்பவர் ‘தம்பி, இதெல்லாம் யாரும் பார்க்கிறதில்ல’ என்பார். நீ பார்க்கிறாய். அதைச் சொல்வதற்கு இங்கிலீஷும் வேண்டாம், பணக்கார வீட்டில் பிறக்கவும் வேண்டாம். உன் காசு, உன் எலும்பு, உன் கேள்வி!

புதிது கட்டுப்படியாகாவிட்டால் பழையதைத் தேடு. திருவனந்தபுரம், பெங்களூரு போன்ற ஊர்களில் ஆசைப்பட்டு வாங்கி, நாலு மாதம் ஓட்டிவிட்டு, பால்கனியில் நிறுத்திவைத்தவர்கள் நிறையப் பேர். எழுபதாயிரத்து வண்டி பாதி விலைக்கு உன் கைக்கு வரலாம். போகும்போது டார்ச்சும் ஒரு பழைய துணியும் எடுத்துப் போ. முன்குழாயும் கீழ்க்குழாயும் சேரும் வெல்டிங்கைத் துடைத்துவிட்டுப் பார், முடி அளவு கோடு தெரிந்தாலும் எழுந்து வந்துவிடு. ஃபோர்க்கின் மேல் குழாயில் நகத்தை ஓட்டு, கீறலில் நகம் மாட்டினால் எண்ணெய் ஒழுகும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டு, டக் டக் என்றால் ஹேண்டில் திரும்பும் இடத்துத் தாங்கியான ஹெட்செட் தளர்ந்திருக்கிறது, அது சின்ன வேலை. கடற்கரை ஊரில் கிடந்த வண்டி என்றால் ஸ்போக் முனைகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பார். விலை பேசக் கூச்சப்படாதே. குறை ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டிப் பேசுகிறவனுக்குத்தான் விலை இறங்கும்.

வாங்கிய பிறகு உன் கையைக் கறுப்பாக்கிக்கொள். அம்பத்தூரில் 1949-இல் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து பிஎஸ்ஏவும் ஹெர்குலிஸும் ஓடாத தெரு தமிழ்நாட்டில் இல்லை. அந்த வண்டிகளைத் தலைமுறை தலைமுறையாக ஓட வைத்தவர்கள் நம் ஊர்க் கடை மெக்கானிக்குகள். உன் தெருமுனைப் பெரியவர் ஹைட்ராலிக் பிரேக்கைத் தொட்டிருக்க மாட்டார். ஆனால் ஸ்போக்கைத் தட்டி ஓசை கேட்டே சக்கரத்தில் கோட்டம் எடுப்பார். அவரிடம் போய் உட்கார். கோட்டம் எடுக்கக் கற்றுக்கொள், சங்கிலி கோக்கக் கற்றுக்கொள். அவருக்குப் பிரேக்கில் காற்று நீக்குவதை நீ சொல்லிக் கொடு. காற்று ஃபோர்க் வைத்திருந்தால், ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால்களைக் கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்றுகிற வேலையையும் பழகு. சர்வீஸுக்குப் பெரிய நகரத்தை எதிர்பார்த்து நிற்கிறவனுக்குத்தான் இந்த விளையாட்டு செலவு பிடிக்கும்.

தங்கச்சி, இவ்வளவு நேரம் படித்துவிட்டு ‘இது பையன்களுக்கு’ என்று தாளை மடித்துவிடாதே. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் என்ன நடந்தது தெரியுமா? அறிவொளி இயக்கத்தின் ஒரு பகுதியாக, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல்குவாரியில் வேலை பார்த்தவர்கள், வயலில் கூலிக்குப் போனவர்கள், கிராம சுகாதார நர்ஸ்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள்! ஊர் கேலி பேசியது. அவர்கள் மிதித்தார்கள். கடைகளில் லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோனது. காத்திருந்தார்களா? ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். முன்னால் இருக்கிற அந்தக் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பி எடுத்தவர்களும் உண்டு. தனக்கென்று செய்யப்படாத வண்டியைத் தனக்கானதாக்கிக்கொண்ட அந்தத் துணிச்சல் உன் ரத்தத்தில் இருக்கிறது. உனக்கும் கடையில் பூப்போட்ட வண்டியைக் காட்டுவார்கள். உன் உயரத்துக்குச் சிறிய அளவு ஹார்ட்டெயில் எது என்று கேள். பிரேக் லிவரை உன் விரல் நீளத்துக்கு உள்ளே இழுத்துவைக்கச் சொல், அதற்கென்று ஒரு சிறு திருகு இருக்கிறது. காற்று ஃபோர்க் என்றால் உன் எடைக்கு ஏற்பக் காற்றைக் குறை. சாடு!

விழுவாய். அதை மறைக்க மாட்டேன். எல்லோரும் விழுகிறார்கள், விழத் தெரிந்தவர்கள் எழுந்து வருகிறார்கள். வீட்டில் பயப்படுகிறார்கள் என்றால் அவர்கள் பயத்தைக் கேலி செய்யாதே. ஹெல்மெட்டையும் முழங்கால் கவசத்தையும் மேசையில் வைத்து, எங்கே போகிறாய், யாரோடு போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று சொல்லிவிட்டுப் போ. தனியாக ஒருநாளும் சரிவில் இறங்காதே. பெடல் இரண்டும் சமமாக, குதிகால் கீழே, முழங்கை வெளியே, கண் பத்து மீட்டர் தள்ளி. சக்கரத்துக்கு முன்னால் கிடக்கிற கல்லையே பார்த்தால் அந்தக் கல்லில்தான் போய் ஏறுவாய். முன் பிரேக்கைக் கண்டு அஞ்சாதே. நிறுத்துகிற சக்தியில் பெரும்பங்கு அதனிடம்தான் இருக்கிறது. சானல்கரையில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கி, பின்சக்கரம் எப்போது லேசாகிறது என்று விரலுக்குப் பழக்கு.

துணிச்சலுக்கும் எல்லை உண்டு, அந்த எல்லையை மதிக்கிறவனைத்தான் நான் வீரன் என்பேன். 2008-இல் நம் மாவட்டத்தில் 402 சதுர கிலோமீட்டர் காடு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. யானையும் காட்டெருமையும் வாழும் இடம். வனத்துறை அனுமதி இல்லாமல் அதற்குள் சக்கரம் வைக்காதே. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குற்றம் என்பதைவிட, அது அவற்றின் வீடு. ரப்பர் தோட்டம் என்றால் உரிமையாளரைப் பார்த்துக் கேள். விடியுமுன்னே பால் வெட்டுக்கு வந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஒழுகும் என்பதால் அவர்களுக்கு அந்த நேரம் உயிர். மரத்தில் கட்டிய சிரட்டையில் உன் ஹேண்டில் பட்டால் ஒரு குடும்பத்தின் கூலி மண்ணில் போகும். பால் எடுத்து முடித்து அவர்கள் இறங்கிய பிறகு போ. எதிரே வந்தால் இறங்கி நின்று வழி விடு. எந்தத் தட்டில் பாறை பெயர்ந்து கிடக்கிறது, எந்த ஓடையில் நேற்றைய மழை மண்ணை வாரிக்கொண்டு போனது என்று அவர்களிடம் கேள். அந்தச் சரிவை அவர்களைப்போல் அறிந்தவர் யாரும் இல்லை.

ஆக, இந்த வாரத்துக்கு உனக்கு வேலை இருக்கிறது. இன்று ராத்திரி அந்தத் தாளில் உன் மண்ணை எழுது. நாளைக்கு இரண்டு கடை ஏறி இறங்கி, கேசட் கேள்வியைக் கேள், ஃபோர்க்கை அமுக்கிப் பார், ஒன்றும் வாங்காமல் வெளியே வா. மூன்றாவது கடையில் உன் குரலே மாறியிருக்கும். வண்டி வந்தபின் முதல் சில வாரம் சானல்கரை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பால் எடுப்பு முடிந்ததும், கேட்டு வாங்கிய அனுமதியோடு, கூட்டாளி ஒருவனோடு, மூன்று தட்டு மட்டுமே உள்ள ஒரு சரிவின் தலையில் போய் நில். இருக்கையை இறக்கு. முன்டயரில் 28 இருக்கிறதா பார். முதல் தடவை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தே இறங்கு. வேர் எங்கே, கல் எங்கே, விழுந்தால் எங்கே விழலாம் என்று பார்த்து வை. இரண்டாம் தடவை பாதி வேகத்தில். மூன்றாம் தடவை, ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டு, பிரேக்கில் ஒரே ஒரு விரலை வைத்து, பார்வையைக் கடைசித் தட்டுக்கு அனுப்பு. போ, மக்கா!